ரோபோ வாக்யூம் வாங்கும்போது: மாப்பை யார் கழுவப் போகிறார்கள்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக எடுத்துக்கொள்கிறேன். வீடு முழுக்க டைல்ஸ், ஹாலில் மட்டும் ஒரு கம்பளம். இரண்டு பேருக்கு இடுப்புவரை கூந்தல். பகலில் அம்மா மட்டும் வீட்டில் இருப்பார். முழங்கால் வலியால் அவரால் குனிந்து நிமிர முடியாது. தூசி உறிஞ்சித் தரையும் துடைக்கிற ரோபோ ஒன்று வாங்க வேண்டும். பார்த்து வைத்த இரண்டில் ஒன்றின் விலை மற்றதைப் போல நான்கு மடங்கு. அந்த நான்கு மடங்கைக் கொடுக்கலாமா, வேண்டாமா?

சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைல்ஸ் தரையில் தூசி எடுக்கிற வேலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. விலை ஏறுவது பெரும்பாலும் மெஷினைச் சுத்தம் செய்கிற வேலையை உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்வதற்காகத்தான். விலை குறைந்த ரோபோ தரையைத் துடைக்கும், துடைத்த துணியை நீங்கள் கழுவ வேண்டும். விலை கூடியது துணியையும் தானே அலசிக் காயவைத்துக்கொள்ளும். ஆகவே இந்த வீட்டில் தினமும் மாப்பை யார் கழுவப் போகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். உங்கள் வீட்டில் அந்தக் கேள்வி நேராக அம்மாவின் முழங்காலில் போய் நிற்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என்னிடம் முதலில் இருந்தது விலை குறைந்த வகை. அடியில் அரைவட்டமாக ஒரு மைக்ரோஃபைபர் துணி, அதற்கு மேல் கால் லிட்டர் பிடிக்கிற தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். முதல் அறையில் ஈரப் பளபளப்போடு அழகாகப் போகும். மூன்றாவது அறைக்கு வரும்போது துணியின் முன்விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை படிந்திருக்கும். அதில் முடியும் நூலும் ஒட்டிக்கொண்டு கூடவே இழுபட்டு வரும். அதற்கப்புறம் அது செய்வதைத் துடைத்தல் என்று சொல்ல முடியாது. முதல் அறையில் எடுத்த அழுக்கை மெல்லிய பூச்சாக மற்ற அறைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. ஜன்னல் வெயில் சாய்வாகத் தரையில் விழும் நேரத்தில் உட்கார்ந்து பார்த்தால் அது போன தடம் கோடு கோடாகத் தெரியும்.

இதற்கு வழி இருக்கிறது. கூடுதலாக மூன்று நான்கு துணி வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு அறைக்கு ஒரு முறை மாற்றி, முடிந்ததும் எல்லாவற்றையும் கழுவி உலர்த்த வேண்டும். ஒரு நாள் மறந்து ஈரத்துணியை அப்படியே விட்டால் மறுநாள் புளித்த வாடை வரும். அதே துணியோடு ஓட்டினால் அந்த வாடை வீடு முழுக்கப் பரவும். நான் இரண்டு மாதம் ஒழுங்காக மாற்றினேன். மூன்றாவது மாதத்திலிருந்து துணியைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் தூசி எடுக்க மட்டும் ஓட்டினேன். விலை குறைந்த ரோபோ வாங்கிய பல வீடுகளில் நான் பார்த்ததும் இதுதான். தூசி எடுக்கும் வேலை தொடரும், துடைக்கும் வேலை மெதுவாக நின்றுபோகும்.

துடைக்கும் அமைப்பில் நான்கு வகை உண்டு. முதலாவது, இப்போது சொன்ன இழுவைத் துணி. இரண்டாவது, அதே துணி வேகமாக அதிரும் வகை. 2021-ல் வந்த ரோபோராக் எஸ்7 நிமிடத்துக்கு 3,000 முறை அதிரும் மாப்போடு வந்தபோதுதான் இந்த வகை பரவலாயிற்று. மூன்றாவது, இரண்டு வட்டத் துணிகள் நிமிடத்துக்கு இருநூறு சுற்று அளவில் சுழன்றபடி தரையை அழுத்தித் தேய்ப்பது. நான்காவது, புதிதாகப் பரவி வரும் உருளை மாப். உருளை சுழலும்போதே ஒரு பக்கம் நல்ல தண்ணீர் விழும், இன்னொரு பக்கம் ஒரு தகடு அழுக்குத் தண்ணீரைப் பிழிந்து எடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் தரையில் படுவது எப்போதும் ஏறக்குறைய சுத்தமான துணி. என் கண்ணில் துடைப்பதற்கு ஏற்ற அமைப்பு இந்த நான்காவதுதான். ஆனால் கழுவிப் பராமரிக்க வேண்டிய பாகங்களும் அதில்தான் அதிகம். காலடித் தடம், சிந்திய தேநீர், தூசிப் படலம் எல்லாம் சுழலும் மாப்புக்கே போய்விடும். காய்ந்து இறுகிய எண்ணெய்ப் பிசுக்கை எந்த ரோபோவும் ஒரே ஓட்டத்தில் எடுக்காது. அதற்குக் கை வேண்டும், அழுத்தம் வேண்டும். இதை எதிர்பார்த்து அதிக விலை கொடுக்காதீர்கள்.

சரி, விலை கூடிய ரோபோ என்னதான் செய்கிறது? ரோபோவைவிட அது போய் நிற்கிற டாக்தான் அங்கே முக்கியம். பழைய நாளில் டாக் என்றால் சார்ஜ் ஏற்றும் ஒரு தட்டு. இப்போது அது முழங்கால் உயரப் பெட்டி. உள்ளே நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, அழுக்குத் தண்ணீருக்கு ஒரு தொட்டி, தூசிக்கு ஒரு பை. ரோபோ பத்துப் பதினைந்து சதுர மீட்டர் துடைத்ததும் டாக்குக்குத் திரும்பும். கீழே இருக்கிற சொரசொரப்பான தட்டில் மாப்பைச் சுழற்றித் தேய்த்துக் கழுவி, அழுக்குத் தண்ணீரை மேலே உறிஞ்சி எடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை திரும்ப வேண்டும், அல்லது அறைக்கு ஒரு முறையா என்பதை ஆப்பில் நாமே வைக்கலாம். உயர்ந்த வகைகளில் 60 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் கழுவும். எல்லாம் முடிந்தபின் இரண்டு மூன்று மணி நேரம் வெதுவெதுப்பான காற்றை ஊதி மாப்பை உலர்த்தும். சூடான தண்ணீரைவிட இந்த உலர்த்தல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாடை வருவதே ஈரம் நிற்பதால்தான். டாக் மாப்பைக் கழுவும், ஆனால் வெறும் அறைக்காற்றில்தான் உலரும் என்கிற இடைநிலை வகைகள் சில உண்டு. அவற்றை நான் யாருக்கும் சொல்வதில்லை.

முதல் முறை அந்த அழுக்குத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்க்கும்போது மனசு நிறைந்துவிடும். தெளிவாக இருந்த தண்ணீர் கலங்கிச் சாம்பல் நிறமாகி, அடியில் மண்டி தங்கியிருக்கும். இதுவரை இதெல்லாம் தரையிலா இருந்தது என்று தோன்றும். ஆனால் அதே தொட்டியை நான்கு நாள் கழித்துத் திறந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும். விலை கூடிய மெஷின் வாங்குகிறவர்களுக்கு யாரும் சொல்லாத விஷயம் இது. வேலை மறையவில்லை, ஓர் இடத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. தினமும் துணி கழுவுவதற்குப் பதிலாக, இரண்டு நாளைக்கு ஒரு முறை தொட்டியைத் தூக்கிக் கொட்டி, அலசி, நல்ல தண்ணீர் நிரப்ப வேண்டும். மாப் கழுவுகிற தட்டில் முடியும் வழவழப்பும் சேரும். அதை வாரம் ஒரு முறை கழற்றித் தேய்க்க வேண்டும். சில மெஷின்களில் அந்தத் தட்டைக் கழற்றவே முடியாது, டாக்குக்குள் கையை விட்டுத்தான் துடைக்க வேண்டும். வாங்குவதற்கு முன் அந்தத் தட்டு தனியாக வெளியே வருமா என்று கட்டாயம் பாருங்கள். மூன்றரை, நான்கு லிட்டர் பிடிக்கிற தொட்டி நிரம்பினால் நான்கு கிலோ எடை. தண்ணீர்க் குழாயோடும் கழிவுநீர் வழியோடும் நேரடியாக இணைக்கும் டாக்குகளும் உண்டு. அதற்கு இடம் அமைந்தால் நிரப்புகிற, கொட்டுகிற வேலை இரண்டும் போய்விடும்.

இன்னொன்று. தொட்டியில் கையில் கிடைத்த தரை திரவத்தை ஊற்றாதீர்கள். நுரை பம்புக்குள் போனால் தண்ணீர் இழுப்பது நின்றுவிடும். மெஷினோடு வரும் குறிப்பில் எதை ஊற்றலாம் என்று போட்டிருக்கும், அதை மட்டும் சொன்ன அளவில் சேர்க்கலாம். வெறும் தண்ணீரே பெரும்பாலான நாளுக்குப் போதும்.

துடைப்பதை இவ்வளவு நேரம் பேசியதற்குக் காரணம் விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி அங்கே இருப்பதுதான். ஆனால் பட்ஜெட் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அது வழி அறியும் திறன்.

2001-ல் எலெக்ட்ரோலக்ஸின் ட்ரைலோபைட்டும், 2002-ல் ஐரோபோட்டின் ரூம்பாவும் வந்த காலத்தில் ரோபோவுக்கு வீட்டின் வரைபடம் என்று ஒன்று கிடையாது. போகும், தடை வந்தால் திரும்பும், இன்னொரு திசையில் போகும். அதிக நேரம் ஓடினால் எப்படியோ பெரும்பாலான இடத்தைத் தொட்டுவிடும் என்கிற கணக்கு. ஒரே இடத்தை நான்கு முறை பெருக்கும், கட்டிலுக்கடியை விட்டுவிடும். 2010-ல் நீட்டோ எக்ஸ்வி-11 வந்தபோது நிலைமை மாறியது. தலையில் சுழலும் ஒரு சின்ன லேசர் கண், நொடிக்கு ஐந்து சுற்று. சுற்றியிருக்கிற சுவரும் மேஜைக்காலும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அளந்து, வீட்டை வரைந்து, வயல் உழுவதுபோல் வரிசை வரிசையாகப் போகும். இதைத்தான் இன்று லைடார் என்கிறார்கள். ஒரு காலத்தில் உயர்ந்த விலை மெஷின்களில் மட்டும் இருந்தது, இப்போது விலை குறைந்தவற்றிலும் வந்துவிட்டது. ஆகவே லைடார் இல்லாத மெஷினை வாங்க இன்று காரணமே இல்லை.

கைரோஸ்கோப் மட்டும் உள்ளவை இன்னும் விற்கின்றன. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது, உடம்பு எந்தப் பக்கம் திரும்பியது என்பதை வைத்துத் தான் எங்கே இருக்கிறோம் என்று குத்துமதிப்பாகக் கணக்குப் போடும். கம்பளத்தில் சக்கரம் கொஞ்சம் வழுக்கினாலும் கணக்கு தப்பிவிடும். நடுவில் தூக்கி வேறு இடத்தில் வைத்தால் வழி தெரியாமல் போய்விடும். விளம்பரத்தில் இதையும் ‘ஸ்மார்ட் நேவிகேஷன்’ என்றே எழுதுவார்கள். ஒரே ஒரு சோதனை போதும்: வரைபடம் மெஷினில் நிரந்தரமாகத் தங்குமா, அதில் ‘இந்த அறை மட்டும்’ என்றும் ‘இங்கே போகாதே’ என்றும் குறிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் அடுத்ததைப் பார்க்கலாம். கேமராவை வைத்து வழி அறிகிறவை இன்னொரு வகை. நல்லவைதான், ஆனால் இருட்டில் தடுமாறும், அதற்கென்று விளக்கு வைத்தவை தவிர. லைடாருக்கு வெளிச்சம் தேவையில்லை. கண்ணாடிக் கதவும் ஆளுயரக் கண்ணாடியும் மட்டும் அதைக் குழப்பும். அங்கே வரைபடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டால் சரியாகிவிடும்.

உறிஞ்சும் சக்தியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கிற எண் அதுதான், முடிவு செய்ய அதிகம் உதவாத எண்ணும் அதுதான். 2,500 பாஸ்கல், 8,000 பாஸ்கல், 20,000 பாஸ்கல் என்று போட்டிருப்பார்கள். பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அளவு. குழாயை முழுக்க அடைத்தால் எவ்வளவு இழுக்கும் என்பதைச் சொல்கிறதே தவிர, நிமிடத்துக்கு எவ்வளவு காற்று ஓடுகிறது என்பதைச் சொல்வதில்லை. தூசியைத் தூக்கிக்கொண்டு போவது அந்தக் காற்றோட்டம். அதோடு, அந்த எண் உச்ச வேகத்தில் எடுத்தது. அந்த வேகத்தில் சத்தமும் அதிகம், பேட்டரியும் சீக்கிரம் தீரும், தினமும் யாரும் அப்படி ஓட்டுவதில்லை. டைல்ஸில் கிடக்கிற தூசிக்கும் மண்ணுக்கும் 2,500-ஏ தாராளம். கம்பளத்தில் மட்டும் எண் கூடினால் பலன் தெரியும், அங்கேயும் பிரஷ் எவ்வளவு ஆழமாக நார்களைக் கிளறுகிறது என்பதுதான் முதலில். 5,000-க்கும் 8,000-க்கும் நடுவில் தடுமாறிக்கொண்டிருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

உங்கள் வீட்டுக்குப் பாஸ்கலைவிடக் கூந்தல் பெரிய விஷயம். நீளமான முடி பிரஷ்ஷில் எப்படிச் சுற்றும் என்பதைச் சொல்கிறேன். நடுவில் சுற்றியது கண்ணுக்குத் தெரியும், கத்தரியால் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடலாம். தொல்லை தருவது இரண்டு முனையிலும் சேர்வது. பிரஷ் சுழலச் சுழல முடி ஓரத்துக்கு நகர்ந்து, அச்சுக்கும் பேரிங்குக்கும் நடுவில் மோதிரம்போல் இறுகிக்கொள்ளும். மேலே இருந்து பார்த்தால் தெரியாது. பிரஷ்ஷைக் கழற்றி முனைத்தொப்பியை இழுத்தால் கறுப்பாக ஒரு வளையம் வரும். அதைக் கவனிக்காமல் விட்ட ஒரு மெஷினில் உராய்வுச் சூட்டில் பிளாஸ்டிக் உருகித் துளை பெரிதாகிப்போனதை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். முன்சக்கரத்தின் அச்சிலும், ஓரத்தில் சுழலும் பக்க பிரஷ்ஷின் திருகுக்கு அடியிலும் இதே கதைதான்.

விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் முடியிழை பிரஷ் இருக்கும், அதில் கூந்தல் நூல்கண்டு மாதிரி சுற்றும். முழு ரப்பரில் செய்தது கொஞ்சம் தேவலை. விலை கூடியவற்றில் ஒரு முனை மட்டும் பொருத்தப்பட்டு மறுமுனை திறந்திருக்கும் கூம்பு வடிவ பிரஷ்கள் வருகின்றன. முடி ஒரு பக்கமாக நழுவி நேராகத் தூசிப்பெட்டிக்குள் போய்விடும். இது விளம்பரப் பேச்சு இல்லை, உண்மையாகவே வேலை செய்கிறது. இரண்டு நீளக் கூந்தல் இருக்கிற வீட்டில் முடியிழை பிரஷ் என்றால் வாரத்துக்கு ஒரு முறை கத்தரியோடு உட்கார வேண்டும். இந்தக் கூம்பு பிரஷ் என்றால் மாதத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தால் போதும்.

கம்பளம் ஒன்று இருக்கிறது என்றீர்கள். அதில் ஈரமாப் ஏறக் கூடாது. விலை குறைந்தவற்றில் இதற்கு இரண்டே வழி: கம்பளத்தை வரைபடத்தில் தடை செய்ய வேண்டும், அல்லது தூசிக்கு ஒரு ஓட்டம், துணி மாட்டித் துடைக்க ஒரு ஓட்டம் என்று பிரிக்க வேண்டும். மேலே போகப் போக மாப் தானாகத் தூக்கிக்கொள்ளும். ஐந்து மில்லிமீட்டர் தூக்குவது மெல்லிய விரிப்புக்குத்தான் சரி. அடர்த்தியான கம்பளம் என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தூக்க வேண்டும், அல்லது மாப்பை டாக்கிலேயே கழற்றி வைத்துவிட்டுக் கம்பளத்துக்குப் போகிற வகையாக இருக்க வேண்டும். கம்பளம் கறுப்பாக இருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. படியிலிருந்து விழாமல் இருக்க அடியில் அகச்சிவப்பு உணரிகள் உண்டு. அவை அனுப்பும் ஒளி தரையில் பட்டுத் திரும்பி வராவிட்டால் பள்ளம் என்று நினைத்துக்கொள்ளும். கறுப்புக் கம்பளம் ஒளியை விழுங்கிவிடுவதால் சில மெஷின்கள் அதன் விளிம்பிலேயே நின்று பின்வாங்கும். விலை அதிகமானவற்றிலும் இது நடக்கிறது. திருப்பி அனுப்ப அவகாசம் இருக்கும்போதே முதல் நாளில் இதைச் சோதித்துவிடுங்கள்.

வழியில் கிடக்கிற பொருள்களை அறிவதிலும் விலைக்குத் தக்க வித்தியாசம் உண்டு. லைடார் கண் ரோபோவின் தலையில் இருப்பதால் அதைவிடத் தாழ்வாகக் கிடப்பது எதுவும் அதற்குத் தெரியாது. சார்ஜர் வயர், காலுறை, குழந்தையின் மணிமாலை எல்லாம் சிக்கும். உயர்ந்த வகைகளில் முன்பக்கம் தனியாக ஒரு ஒளிக்கற்றையோ கேமராவோ வைத்து இவற்றை அடையாளம் கண்டு சுற்றிப் போகும். நாய், பூனை வளர்க்கிற வீட்டுக்கு நான் இதைக் கட்டாயம் என்பேன். அவை அசிங்கம் செய்த இடத்தில் ரோபோ ஏறி வீடு முழுக்க ஓடினால் என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டில் விலங்கு இல்லை என்றால், ஓட்டுவதற்கு முன் இரண்டு நிமிடம் தரையைப் பார்த்து வயரை எடுத்துவிட்டாலே போதும். ஆனால் அந்த இரண்டு நிமிடமும் குனிகிற வேலை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேமரா உள்ளதை எடுத்தால் ஒரு எச்சரிக்கை. சோதனைக்காக ஓட்டப்பட்ட ரூம்பாக்கள் வீட்டுக்குள் எடுத்த படங்கள் இணையத்தில் கசிந்தது 2022-ல் செய்தியானது. 2024-ல் அமெரிக்காவில் சில வீடுகளில் எகோவாக்ஸ் டீபாட் எக்ஸ்2 ரோபோக்களை வெளியாட்கள் கைப்பற்றி, அதன் ஸ்பீக்கர் வழியாகவே வீட்டாரைத் திட்டினார்கள். படத்தை மெஷினுக்குள்ளேயே அலசுகிறதா, வெளியே அனுப்புகிறதா என்று கேளுங்கள். நேரடிக் காட்சி பார்க்கும் வசதியை அணைத்து வையுங்கள். வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை வையுங்கள். லைடார் மட்டும் உள்ள மெஷினில் படம் எடுக்கிற கண்ணே இல்லை. எனக்கு அதில் ஒரு நிம்மதி உண்டு, மறைக்கவில்லை.

தூசியைத் தானே காலி செய்யும் டாக்கை மாப் கழுவும் டாக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டும் தனித்தனி வசதி. 2018-ல் ரூம்பா ஐ7 பிளஸோடு பரவத் தொடங்கியது முதலாவது. ரோபோவுக்குள் இருக்கிற பெட்டி அரை லிட்டருக்கும் குறைவு, முடி அதிகமுள்ள வீட்டில் ஒன்றிரண்டு நாளில் நிரம்பிவிடும். டாக்கில் இருக்கிற பை இரண்டரை, மூன்று லிட்டர், வாரக்கணக்கில் வரும். உறிஞ்சி எடுக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நொடி சத்தம் பலமாக இருக்கும், தூக்க நேரத்தில் வராதபடி ஆப்பில் வைக்கலாம். தூசி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. பையை மூடி எறிந்தால் போதும், முகத்துக்கு நேரே தட்டிக் கொட்ட வேண்டியதில்லை.

வாங்குவதற்கு முன் ஒரு அளவுநாடாவோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். சோபாவுக்கும் கட்டிலுக்கும் அடியில் எவ்வளவு உயரம்? தலையில் லைடார் கோபுரம் உள்ளவை பத்து சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட வரும். அதற்குமேல் ஒரு விரல் இடைவெளியாவது இல்லாவிட்டால் உள்ளே போகாது, அல்லது போய் மாட்டிக்கொள்ளும். கோபுரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு எட்டு சென்டிமீட்டருக்குள் அடங்குகிறவை உயர்ந்த விலையில்தான் கிடைக்கின்றன. நிலைப்படிகள் எவ்வளவு உயரம்? இரண்டு சென்டிமீட்டர்வரை பெரும்பாலானவை ஏறும். அதற்கு மேல் என்றால் ஒரு சின்னச் சரிவுப் பலகை போதும், அதற்காக விலை கூடிய மெஷின் வாங்க வேண்டியதில்லை. டாக் வைக்க இடம் இருக்கிறதா? முன்னால் ஒரு மீட்டருக்கு மேல் காலியாக விட வேண்டும், கீழே டைல்ஸாகவே இருக்க வேண்டும், ஈரம் சொட்டும் என்பதால் மரத்தரையோ கம்பளமோ வேண்டாம். வீட்டு வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை எட்டுகிற மூலையாகவும் இருக்கட்டும். பல மெஷின்களுக்கு அது மட்டும்தான் தெரியும்.

அப்புறம், உதிரி பாகங்கள். மெஷினைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் பில்டர், பக்க பிரஷ், மாப் துணி, தூசிப்பை, பேட்டரி ஆகியவை தனியாகக் கிடைக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். பில்டர் சில மாதத்துக்கு ஒரு முறை, பக்க பிரஷ்ஷும் மாப் துணியும் அரை வருடத்துக்குள், மெயின் பிரஷ் வருடத்துக்கு ஒரு முறை என்று மாற்ற வேண்டிவரும். லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியபின் கொள்ளளவு குறையும். தினமும் ஓடும் மெஷினுக்கு அது இரண்டு மூன்று வருடக் கணக்கு. பேட்டரி கிடைத்தால் நான்கு திருகைக் கழற்றி மாற்றிவிடலாம், கிடைக்காவிட்டால் நல்ல மெஷினையும் தூக்கிப்போட வேண்டியதுதான்.

ஆப்பை நம்பி இருப்பதிலும் ஓர் அபாயம் உண்டு. லேசர் கண்ணை முதலில் கொண்டுவந்த நீட்டோ நிறுவனமே 2023-ல் மூடப்பட்டது. 2025-ல் அதன் கிளவுட் சேவையும் நிறுத்தப்பட்டபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் பொத்தானை அழுத்தி ஓட்டுகிற நிலைக்கு வந்துவிட்டன. ரூம்பாவை உருவாக்கிய ஐரோபோட் 2025 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. பெயர் பெரியது என்பதால் மட்டும் பத்து வருடம் வரும் என்று எண்ணி உச்ச விலை கொடுக்க வேண்டாம். நான்கைந்து வருடத்துக்குள் கொடுத்த காசுக்கு உழைத்துவிடுமா என்று கணக்குப் போடுங்கள்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் பார்த்து வைத்த இரண்டில் சின்னது, சொன்ன விவரத்தின்படி கைரோஸ்கோப், முடியிழை பிரஷ், இழுவைத் துணி. அதை விட்டுவிடுங்கள். தூசிப்பெட்டியைக் கழற்றவும், துணியை மாற்றவும், பிரஷ்ஷைக் கவிழ்த்து முடி எடுக்கவும் ஒவ்வொரு முறையும் தரைவரை குனிய வேண்டும். அம்மாவுக்கு எதிலிருந்து விடுதலை வேண்டுமோ அந்த வேலையையே அது வேறு உருவத்தில் திருப்பிக் கொடுக்கும்.

பெரியதில் எல்லாம் இருக்கிறது. ஆனால் அதன் விலையில் ஒரு பெரும்பங்கு கேமரா அறிவுக்கும், எழும்பி ஏறும் சக்கரத்துக்கும், 20,000 பாஸ்கலுக்கும் போகிறது. விலங்கு இல்லாத, டைல்ஸ் போட்ட, படியில்லாத வீட்டுக்கு இந்த மூன்றும் தேவையில்லை. நான் உங்களிடத்தில் இருந்தால் நடுவில் ஒன்றைத் தேடுவேன். லைடார், முடி சுற்றாத பிரஷ், சுழலும் இரட்டை மாப், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தூக்கும் வசதி, மாப்பைக் கழுவிச் சூடான காற்றில் உலர்த்தித் தூசியையும் காலி செய்யும் டாக். இவ்வளவு இருந்தால் போதும். இரண்டு வருடத்துக்கு முன் உச்சியில் இருந்த மாடல்களில் இவை எல்லாமே உண்டு, புதியது வந்ததும் அவற்றின் விலை நன்றாக இறங்கிவிடும். அப்படி எதுவும் கிடைக்காமல் அந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால், தயங்காமல் பெரியதை எடுங்கள். உங்களுக்காக என்றால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன், அம்மாவுக்காகச் சொல்கிறேன்.

எடுத்தபின் வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். நான்கு கிலோ தொட்டியைத் தூக்குவது அம்மாவின் வேலையாக ஆகிவிடக் கூடாது. முழங்கால் வலிக்காரர் தண்ணீர் நிறைந்த தொட்டியோடு ஈரத் தரையில் நடப்பது குனிவதைவிட ஆபத்து. இரவு சாப்பிட்டு முடித்ததும் நீங்கள் அழுக்குத் தொட்டியைக் கொட்டி, நல்ல தண்ணீரை நிரப்பி, தரையில் கிடக்கிற வயரை எடுத்துவிட்டுப் படுங்கள். காலையில் எல்லாரும் கிளம்பிய பிறகு, அம்மா உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து ஓடும்படி நேரம் வையுங்கள். அவர் நடமாடும் நேரத்தில் ரோபோ காலுக்கடியில் வரக் கூடாது, துடைத்த ஈரமும் காய்ந்திருக்க வேண்டும். ஆப்பெல்லாம் அவருக்கு வேண்டாம். மெஷின் மேலேயே பொத்தான் உண்டு, ஆனால் அதற்கும் குனிய வேண்டும். ஆகவே குரலில் சொன்னால் நிற்கிற வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். அம்மா பேசுகிற மொழியில், நாற்காலியில் உட்கார்ந்தபடி “நில்” என்று சொன்னால் அது நிற்கிறதா என்று ஒரு முறை சோதித்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.